இன்றைய கார்டுகள் முடிந்தன

மாறன் செய்த மாற்றத்தை எல்லோரும் பாராட்டினார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அரைகுறையாக வேலை செய்து காரியத்தைக் கெடுத்தவன் என்று அவனை நினைத்துவிடுவீர்கள். அப்படியெல்லாம் இல்லை, வேலையில் அவன் படு சுத்தம். கொஞ்சம் குறை வைத்துச் செய்திருந்தால் அவன் அக்கா இன்றைக்கு ஏதாவது ஒரு அரசு அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள்.

அவன் மாற்றியது ஒரு போன் ஆப்பை, பெயர் 'ஞாபகம்'. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்காக அவன் எழுதியது. திரையில் ஒரு கார்டு வரும், அதில் ஒரு கேள்வி இருக்கும். தட்டினால் கார்டு திரும்பிப் பதில் தெரியும். பார்த்துவிட்டு 'தெரியும்' என்றோ 'தெரியல' என்றோ அழுத்த வேண்டும். தெரியும் என்றால் அந்தக் கார்டு மூன்று நாள் கழித்து வரும். மறுபடியும் தெரியும் என்றால் பத்து நாள், பிறகு ஒரு மாதம் என்று தள்ளிக்கொண்டே போகும். தெரியல என்றால் மறுநாளே வந்து நிற்கும். தெரிந்ததையே திரும்பத் திரும்பப் படித்து நேரத்தை வீணாக்காமல், எது மறக்கப் போகிறதோ அதை மட்டும் படிக்க வைக்கிற ஏற்பாடு. ஒரு நாளுக்குரியதெல்லாம் முடிந்ததும் பச்சை எழுத்தில் 'இன்றைய கார்டுகள் முடிந்தன' என்று வரும்.

மாறனுக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை, ஆனால் உட்கார்ந்து பார்ப்பது திருவண்ணாமலையில். செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டி ஒரு சந்தில், மாடியில் ஒற்றை அறை. கீழ் அறைகளில் வெள்ளைக்காரர்கள் மாசக்கணக்கில் தங்கியிருப்பார்கள். எதிரில் ஒரு காபிக்கடை. ஒரே ஒரு லெமன் டீயை வாங்கி வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் லேப்டாப்பைத் தட்டினாலும் அங்கே யாரும் எழுப்ப மாட்டார்கள். கம்பெனி வேலை போக மிச்சமிருந்த நேரமெல்லாம் அவனுக்கு 'ஞாபகம்' ஆப்போடுதான் கழிந்தது. இருபத்தொன்பது வயதாகியும் கல்யாணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், இந்த வெர்ஷன் முடியட்டும் என்பான்.

அதை அவன் எழுத ஆரம்பித்ததே அக்கா அருணாதேவிக்காகத்தான். அவளைக் கீழ்பென்னாத்தூரில் சக்கரபாணிக்குக் கொடுத்திருந்தது. சக்கரபாணிக்கு நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையுமாக மூன்று ஏக்கர் நிலம். அருணாதேவி பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். காலை பத்து மணிக்குத் திறந்தால் ராத்திரி ஏழு வரைக்கும் பட்டா நகல், ஆதார் நகல், பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் என்று நின்றபடியே வேலை. கல்யாணத்துக்குப் பிறகு தபாலில் பி.ஏ. முடித்தவள். அரசாங்க உதவியாளர் தேர்வை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கிட்டே போய்க் கோட்டைவிட்டிருந்தாள். உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று வேண்டும் என்பாள் சிரித்துக்கொண்டே. உண்மையில் அவள் ஆசைப்பட்டது, சக்கரபாணியின் பெண்டாட்டி, ஜெராக்ஸ் கடை அக்கா என்கிற இரண்டு பெயருக்கு மேல் சொந்தமாக ஒரு பெயர். மூன்றாம் முறை எழுதுவதற்குள் வயது வரம்பு நெருங்கிவிட்டது. இதுதான் கடைசி. இதற்கப்புறம் அவள் விண்ணப்பம் போட முடியாது.

சக்கரபாணியின் தங்கை எழிலரசியும் அதே தேர்வுக்குத்தான் படித்தாள். இருபத்து நான்கு வயது, கெட்டிக்காரி. தினமும் காலை ஆறேகால் பஸ்ஸைப் பிடித்து திருவண்ணாமலைக்குப் பயிற்சி வகுப்புக்கு வருவாள். நாத்தனாரும் அண்ணியும் ஒரே தேர்வுக்குப் படித்தால் அந்த வீட்டில் சண்டை வரும் என்று நினைக்கிறவர்கள் இந்த இருவரையும் பார்த்ததில்லை. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அருணாதேவி புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி பதிலை ஆப்பில் டைப் அடித்து ஏற்றுவாள். அவ்வளவு கார்டும் எழிலரசிக்கும் போகும். மொத்தம் மூவாயிரத்துச் சொச்சம் கார்டு, எல்லாம் அருணாதேவியின் கைவேலை.

எழிலரசிக்கு எப்படிப் போனது என்றால், இருவருக்கும் ஒரே அக்கவுண்ட். அதற்கும் மாறன்தான் காரணம். ஆப்பை முதன்முதலாகக் காட்டுவதற்கு அவன் கடைக்குப் போயிருந்த அன்று எழிலரசியின் போனில் ரீசார்ஜ் தீர்ந்திருந்தது, ஓடிபி வரவில்லை. "ரெண்டு பேரும் ஒண்ணுலயே போங்க, அக்கா ஏத்தற கார்டு தானா வந்துடும்" என்று சொல்லி அருணாதேவியின் நம்பரையே இரண்டு போனிலும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தான். ஒரு வீட்டுக்கு ஒரு ரேஷன் கார்டு என்று இருக்கிற ஊரில் இது யாருக்கும் தப்பாகப் படவில்லை. அவனும் அடுத்த பஸ் ஏறுவதற்குள் மறந்துவிட்டான்.

அந்த நாட்களில் ஆப்பின் சிங்க், அதாவது ஒரு அக்கவுண்டில் உள்ள போன்களை ஒன்றாக்குகிற பகுதி, சரியில்லை. ஒரு போனில் ஏற்றிய கார்டு இன்னொரு போனுக்குப் போய்ச் சேரும். ஆனால் எந்தக் கார்டு எந்தத் தேதியில் வர வேண்டும் என்ற கணக்கு மட்டும் போகாமல் அந்தந்தப் போனிலேயே தங்கிவிடும். அந்த ஓட்டை இருந்த வரைக்கும் அருணாதேவி அருணாதேவிக்கு மறந்ததைப் படித்தாள், எழிலரசி எழிலரசிக்கு மறந்ததைப் படித்தாள். ஒரு குழப்பமும் இல்லை.

ஆனால் மற்றவர்கள் விடுவார்களா? போன் தண்ணீரில் விழுந்துவிட்டது, ஆறு மாசம் படித்த கணக்கு போய்விட்டது என்று ஒருத்தர். போனில் படித்ததையே டேப்லெட் மறுபடி கேட்கிறது என்று இன்னொருத்தர். ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்டித் தீர்த்தார்கள். மாறனுக்கு ரோஷம் வந்துவிட்டது. கார்த்திகையில் ஆரம்பித்து தை வரைக்கும் சிங்க்கை அடியோடு பிரித்து மறுபடி எழுதினான். பௌர்ணமி அன்றைக்குச் செங்கம் சாலையில் கிரிவலக் கூட்டத்தைத் தாண்டி ஒரு டீ குடிக்கக்கூடப் போக முடியாது. அந்த மாதிரி நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதினான்.

அவன் வைத்த விதி ரொம்ப எளிமையானது. ஒரு அக்கவுண்ட் என்றால் ஒரு ஆள். எந்தப் போனில் அழுத்தினாலும் அது அந்த ஒரே ஆள் அழுத்தியது. எல்லாவற்றையும் நேரப்படி வரிசையாகக் கோத்து, கார்டு வரும் தேதியை அதிலிருந்து கணக்குப் போட வேண்டும். அத்தோடு விட்டானா? யாருக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி என்று பார்த்து, அவர்களுக்குக் கார்டுகளை இன்னும் தூரமாகத் தள்ளுகிற வேலையையும் சேர்த்துச் செய்தான்.

பழைய கணக்குகளைப் புதியதில் கோக்கும்போது, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத அக்கவுண்ட்கள் ஒரு பட்டியலாகத் திரையில் வந்தன. ஒரே கார்டுக்கு காலையில் 'தெரியும்', பகலில் 'தெரியல'. ஒரே ஆள் எப்படி இப்படி அழுத்துவான்? பழைய ஓட்டையால் சேர்ந்த குப்பை என்று முடிவு கட்டி, முரண்பட்டதையெல்லாம் 'தெரியல' என்றே எடுத்துக்கொண்டு சமன் செய்ய நாலு வரி எழுதினான், பட்டியல் காணாமல் போனது. அதில் முதலிடத்தில் நின்ற நம்பர் யாருடையது என்று திறந்து பார்க்கவில்லை. வேலை முடிந்த சந்தோஷத்தில் அன்றைக்கு லெமன் டீயோடு ஒரு பிரெட் டோஸ்ட்டும் சொன்னான்.

தை மாதம் புது வெர்ஷன் வெளியே போனது. ஐந்து நட்சத்திரங்களாகக் குவிந்தன.

மாசியில் ஒரு நாள் பகல் பதினொன்றரைக்கு அருணாதேவி போன் செய்தாள். மாறன் காபிக்கடையில் இருந்தான். கம்பெனி மீட்டிங்குக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

"டேய், எனக்கு கார்டு ரொம்ப கம்மியா வருதுடா. முன்னெல்லாம் எரநூறு வரும். இப்ப தெறந்தா நாலு வருது, அஞ்சு வருது. சில நாளு ஒண்ணுமே இல்ல, முடிஞ்சிடுச்சுன்னு சொல்லுது."

"உனக்கு நல்லா ஏறிடுச்சுக்கா. அதான் கம்மியா வருது. புதுசுல அப்படித்தான், தெரிஞ்சதைக் கேட்காது."

"இல்லடா, எனக்கு அப்படித் தோணல. நேத்து தெரியலன்னு அழுத்தினது இன்னிக்கு வரணும் இல்ல? வர்ல."

"அக்கா, நீ ஆப்பை நம்பு. அது காட்டறதை மட்டும் படி. சும்மா எல்லாத்தையும் உருட்டிக்கினு இருந்தா மண்டைதான் சூடாகும்."

சரிடா, உனக்குத் தெரியாதா என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள்.

இந்த இடத்தில் அவனை இரண்டு வார்த்தை திட்டாமல் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. நேற்று தெரியல என்றது இன்றைக்கு வர வேண்டும், வரவில்லை என்று அவள் அட்சரசுத்தமாகச் சொன்னாள். ஒரு கம்ப்யூட்டர்காரனுக்கு இதைவிடத் தெளிவாக யாராலும் புகார் கொடுக்க முடியாது. அவளுடைய அக்கவுண்டைத் திறந்து பார்க்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். பார்க்காததற்கு மீட்டிங் காரணமில்லை. இத்தனை பேர் பாராட்டுகிற ஒன்றில் ஜெராக்ஸ் கடையில் நிற்கிற அக்காவுக்கு என்ன குறை தெரிந்துவிடப் போகிறது என்ற எண்ணம் அவன் உள்ளே எங்கேயோ இருந்தது. அதை அவனே பின்னால் ஒப்புக்கொண்டான்.

அருணாதேவி தம்பி பேச்சைத் தட்டவில்லை. ஆப் காட்டிய நாலைந்து கார்டைப் பார்த்தாள். மிச்ச நேரத்தில் சும்மா இருக்கப் பிடிக்காமல் புதுசாக இன்னும் எழுநூறு கார்டு டைப் அடித்து ஏற்றினாள். டைப் அடித்தால் படித்த மாதிரி ஆகுமா? விரல்தான் ஓடும். புத்தகத்தை எடுத்து ஒருமுறை முழுக்கப் பார்த்துவிடலாமா என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. தம்பி சொன்னானே என்று வைத்துவிட்டாள்.

ஆனியில் தேர்வு நடந்தது. இருவரும் ஒன்றாகத்தான் போனார்கள். வெளியே வந்தபோது எழிலரசியின் முகம் மலர்ந்திருந்தது. பல கேள்விகள் பார்த்த மாதிரியே இருந்தன, பதில்தான் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது என்றாள் அருணாதேவி. ஐப்பசியில் முடிவு வந்தது. எழிலரசிக்கு நல்ல இடம் கிடைத்தது, முதல் சுற்றிலேயே வேலை. அருணாதேவிக்கு மூன்று மதிப்பெண் குறைந்தது. ஒரு கேள்விக்கு ஒன்றரை, மூன்று மதிப்பெண் என்றால் இரண்டு கேள்வி.

அருணாதேவி அழவில்லை, குறைந்தபட்சம் யாரும் பார்க்கும்படி அழவில்லை. தெருவில் எழிலரசிக்காக லட்டு கொடுத்தது அவள்தான். கேட்டவர்களிடமெல்லாம், எனக்கு மண்டையில ஏறல, அதுக்கு வயசு போயிடுச்சு, அவ சின்னப் பொண்ணு, பிடிச்சுக்கினா என்று சொன்னாள். மாறனிடமும் போனில் அதையேதான் சொன்னாள். அவனும் ஆறுதலாக, விடுக்கா, எல்லாருக்கும் எல்லாம் வராது என்றான். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னான்.

அதற்கு ஒரு மாதம் கழித்து எழிலரசி ஏதோ சான்றிதழ் வேலையாகக் கலெக்டர் ஆபீசுக்கு வந்தவள், அப்படியே செங்கம் சாலைக்கு ஆட்டோ பிடித்து வந்தாள். முறைக்கு அவன் மாமா. கையில் ஒரு டப்பா மைசூர்பாகு. காபிக்கடையில் உட்கார வைத்து அவளுக்கு டீ சொன்னான். அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது. உங்க ஆப் இல்லன்னா நான் இல்ல மாமா என்று போனைத் திறந்து காட்டினாள். தினமும் எத்தனை கார்டு பார்த்தாள் என்று கோடு கோடாக ஒரு படம் இருந்தது. தை மாதத்துக்குப் பிறகு கோடுகள் ஒரேயடியாக உயர்ந்திருந்தன.

இவ்வளவு ஏன் வந்தது என்று மாறன் கேட்டான். ஞாபகசக்தி உள்ளவர்களுக்குக் கம்மியாக அல்லவா வர வேண்டும்?

"அதான் மாமா எனக்கும் ஆச்சரியம். எனக்குத் தெரிஞ்சதே திரும்பத் திரும்ப வரும். ஆப்பு உஷாரா இருக்குதுன்னு நெனச்சுக்குவேன். காலையில பஸ்ஸுல ஏறி உட்கார்ந்தா அவலூர்பேட்டை ரோடு வர்றதுக்குள்ள அத்தனையும் முடிச்சிடுவேன். அண்ணிக்குதான் பாவம், கடையைத் தெறக்கும்போது ஒண்ணும் இருக்காது. அவங்க புக்குலயே படிச்சுக்குவாங்கன்னு நெனச்சேன்."

"அண்ணிக்கு ஏன் இருக்காது?"

"ஒரே அக்கவுண்டுதானே மாமா. நீங்கதானே போட்டுக் குடுத்தீங்க."

அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீயைக் குடித்தாள். மாறன் அவள் பேசியதற்கெல்லாம் தலையை ஆட்டினான், ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டான், படியேறி அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான். ஒன்பது மாதத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டியதை அப்போது செய்தான், அக்காவின் அக்கவுண்டைத் திறந்தான்.

எல்லாம் வரிசையாக இருந்தது. அவன் எழுதியது எதையும் தவற விடுவதில்லை. நேற்று பகலில் கடைப் போனில் தெரியல என்று அழுத்தப்பட்ட கார்டுகள் இன்று காலை ஆறரைக்கு எழிலரசியின் போனில் போய் நிற்கின்றன. அவள் எல்லாவற்றுக்கும் தெரியும் தெரியும் என்று அழுத்துகிறாள். கார்டுகள் மூன்று நாள், பத்து நாள், ஒரு மாதம் என்று தள்ளிப் போகின்றன. பத்தரைக்கு அருணாதேவி கடையில் வந்து ஆப்பைத் திறக்கும்போது ஒன்றுமில்லை. அவளுக்கு எது தெரியவில்லையோ அதையெல்லாம் எழிலரசி தினமும் படித்தாள். அருணாதேவிக்குக் கிடைத்தது எழிலரசி பஸ்ஸில் பார்க்காமல் விட்ட நாலைந்துதான்.

ஆப் எத்தனை முறை திறக்கப்பட்டது என்றும் ஒரு கணக்கு இருந்தது. அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். பத்தரைக்குத் திறந்திருக்கிறாள், மூடியிருக்கிறாள். பதினொன்றே முக்காலுக்குத் திறந்திருக்கிறாள். மத்தியானம் ஒருமுறை, நான்கு மணிக்கு ஒருமுறை, கடையைச் சாத்துவதற்கு முன்னால் ஒருமுறை. ஒவ்வொரு தடவையும் பச்சை எழுத்தில் அதே பதில். தை முதல் ஆனி வரைக்கும் தினமும் ஐந்தாறு முறை, அறுநூற்றுக்கும் மேல். இருக்கிறதா, ஏதாவது வந்திருக்கிறதா என்று அவள் வந்து வந்து கேட்டிருக்கிறாள். மாறன் லேப்டாப்பை மூடிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதான்.

மூன்று நாள் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு உழன்றான். சொன்னால் என்ன ஆகப் போகிறது? வயது வரம்பு திரும்பி வருமா? சொல்லாவிட்டால் அவள் சாகும்வரை தன் மண்டையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருப்பாள். அது அநியாயம் என்று பட்டது. தோற்றது அவள் அல்ல என்பதையாவது அவள் தெரிந்துகொள்ள வேண்டும். அவளுக்காகத்தான் சொல்லப் போகிறோம் என்று நம்பிக்கொண்டுதான் நான்காம் நாள் கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினான். பாரத்தை இறக்கி வைக்கிற ஆசையும் அதில் பாதி இருந்தது என்பது அவனுக்கு அப்போது தெரியவில்லை.

கடையில் அருணாதேவி எழிலரசியின் சான்றிதழ்களை நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். வேலையில் சேர்வதற்கு ஐந்து செட் வேண்டுமாம். மாறனைப் பார்த்ததும் என்னடா வார நாளில் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். இரண்டு பேர் நகல் வாங்கிப் போகும்வரை காத்திருந்தான்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். நீ பாஸ் ஆகாதது உன்னால இல்ல."

"வேற யாரால? பேப்பர் திருத்தினவனாலயா?" என்று சிரித்தாள்.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். வீணாய்ப் போன ஒரு தாளின் பின்பக்கத்தில் இரண்டு போன் வரைந்து, கோடு போட்டு, காலை ஆறரை, பகல் பத்தரை என்று எழுதிக் காட்டினான். முதலில் அவளுக்குப் பிடிபடவில்லை. அப்புறம் மெல்லப் பிடிபட்டது. மெஷினை நிறுத்தினாள். தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"நான் போன் பண்ணிக் கேட்டேனே. அப்ப உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா. தெறந்து பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். பார்க்கல."

"ஏன் பார்க்கல?"

அவன் மீட்டிங் என்று சொல்ல வாயெடுத்தான். சொல்ல முடியவில்லை. "நான் எழுதினது தப்பா இருக்கும்னு தோணலக்கா" என்றான்.

அந்த நேரம் பார்த்து ஒருவர் ஆதார் கார்டோடு வந்தார். இரண்டு பக்கமும் ஒரே தாளில் வேண்டும் என்றார். அருணாதேவி மெஷினைப் போட்டு, எடுத்துக் கொடுத்து, சில்லறையும் கொடுத்து அனுப்பினாள். திரும்பி வந்து உட்காராமல் மெஷின் மேல் சாய்ந்து நின்றாள்.

"எனக்கு ஏறலன்னு நெனச்சேன்டா. இதுதான் நம்ம அளவுன்னு மனசைத் தேத்திக்கினேன். அதுக்கே ஒரு மாசம் ஆச்சு. இந்த வாரம்தான் அதை நெனைக்காம தூங்கினேன். இப்ப வந்து, ஏறியிருக்கும்னு சொல்ற. இதை நான் எங்கடா வெச்சுக்கறது?"

மாறன் நினைத்துக்கொண்டு வந்ததற்கு நேர்மாறாக இருந்தது. எதைத் தூக்கிக் கொடுத்தால் அவளுக்கு லேசாகும் என்று பஸ் ஏறி வந்தானோ, அதுதான் அவள் மேல் விழுந்திருந்தது. மண்டையில் ஏறாதவள் தோற்றால் அத்தோடு முடிந்தது. ஏறக்கூடியவள், கேட்டும் கொடுக்கப்படாமல், இரண்டே கேள்வியில் தோற்றால் அது முடிகிற காரியமா? அவள் இனி ஒவ்வொரு நாளும் கடையைத் திறக்கும்போது அதையும் சேர்த்துத் திறக்க வேண்டும். மன்னிச்சிடுக்கா என்று மட்டும் சொன்னான்.

"உன்னை மன்னிக்கறதுக்கு என்ன இருக்குது. நீ எனக்காகத்தானே செஞ்ச." சொல்லிவிட்டுத் தாளை நாலாக மடித்தாள். "எழில்கிட்ட மட்டும் சொல்லிடாத. அவ ஒழுங்காத்தான் படிச்சா. இது தெரிஞ்சா அந்த வேலைக்கு நிம்மதியாப் போக மாட்டா. எங்க வீட்டுக்காரர்கிட்டயும் வேணாம்."

சாப்பிட்டுப் போ என்றாள். மல்லாட்டைத் துவையலும் சோறும் டப்பாவில் இருந்தது. தட்டில் போட்டு முன்னால் வைத்தாள். அவன் நாலு வாய் சாப்பிட்டான். அதற்குள் அவள் எழிலரசியின் ஐந்து செட்டையும் அடுக்கி, ஓரம் தட்டி, பின் அடித்து முடித்திருந்தாள். அவன் கிளம்பும்போது வாசல் வரைக்கும் வரவில்லை.

திருவண்ணாமலைக்குத் திரும்பிய மாறன் பத்து நாள் வேறு வேலை எதையும் தொடவில்லை. ஒரு அக்கவுண்டுக்குள் ஆளுக்கொரு தனிக் கணக்கு வைக்கும்படி ஆப்பை மாற்றினான். கார்டுகள் பொதுவாக இருக்கும், தேதி மட்டும் அவரவருக்குத் தனி. செய்து பார்த்தால் அப்படி ஒன்றும் பெரிய வேலை இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. திறந்ததும் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்க வைத்தான்: இந்த அக்கவுண்டில் எத்தனை பேர் படிக்கிறீர்கள்? ஒருவர், இருவர், அதற்கு மேல். கீழே பெயரைப் போட ஒரு கட்டம்.

பத்துப் பதினைந்து அக்கவுண்ட் தேறும் என்று நினைத்தான். ஒரு வாரத்தில் ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் பேர் இருவர் என்று அழுத்தியிருந்தார்கள். இருநூறு பேர் அதற்கு மேல் என்றார்கள். பெயர்களைப் படித்தான். புருஷன் பெண்டாட்டி, அக்கா தங்கை, ஒரே ஹாஸ்டல் அறையில் நாலு பேர். அவன் பழைய பட்டியலில் குப்பை என்று தள்ளியதெல்லாம் இவர்கள்தான். ஒவ்வொரு அக்கவுண்டிலும் முதலில் எழுந்திருக்கிற ஒருவர் இருந்தார். மாட்டுக்குத் தீனி போட்டுவிட்டோ, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டோ, ஷிப்டு முடிந்தோ தாமதமாக வந்து ஆப்பைத் திறக்கிற இன்னொருவரும் இருந்தார். தங்களுக்கு ஏறவில்லை என்று அவர்கள் இந்நேரம் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பார்கள். எல்லோருக்கும் எழுதி உண்மையைச் சொல்லலாமா என்று ஒரு கடிதம் தயார் செய்தான். எழுதிய ஒவ்வொரு முறையும் மெஷின் மேல் சாய்ந்து நின்ற அக்கா நினைவுக்கு வந்தாள். கடிதம் போகாமலே கிடந்தது.

அருணாதேவியின் அக்கவுண்டைக் கடைசியாகத் திறந்தான். அவளும் பதில் சொல்லியிருந்தாள், கடைப் போனிலிருந்து, திங்கட்கிழமை பகல் பதினொன்றே முக்காலுக்கு. ஒருவர் என்று அழுத்தியிருந்தாள். பெயர்க் கட்டத்தில் எழிலரசி என்று போட்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அந்தப் போனில் ஆப் ஒருமுறைகூடத் திறக்கப்படவில்லை.